ஆயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டு மடை

லீலாபாய் டீச்சரின் மகனுக்கு ரோடு போடுகிற கம்பெனியில் பெரிய வேலை கிடைத்துவிட்டதாம். அதற்குப் பதிலாகத்தான் டீச்சர் குளத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டாளாம். தக்கலையிலிருந்து வந்த பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொண்டு வந்ததைப் பின்சீட்டில் இருந்த ஒருத்தி கேட்டாள். அவள் மாவிலங்கோடு விலக்கில் இறங்கியதும் நேரே போய் முத்துக்கனியிடம் சொன்னாள். முத்துக்கனி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல்காரி. முட்டை அவிக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு காரியம். கோவப்படப்பிடாது கேட்டியளா."

லீலாபாய் வராந்தாவுக்கு வந்து முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் வாயில் வந்தது, "கண்டதா, கேட்டதா?"

"ஐயோ, இப்பமும் அத விடமாட்டியளா? கேட்டதுதான். வினோஜுக்கு வேலை கெடச்சத நான் எங்கின போயி காண?"

வினோஜ் ஆறு வருஷமாகத் தோஹாவில் ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரில் மருந்துப் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறான். இது முத்துக்கனிக்கும் தெரியும், பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். லீலாபாய் சிரிக்கப் பார்த்தாள். உதடு பிரிந்தது, சிரிப்பு வரவில்லை. வகுப்புக்குள் திரும்பிப் போய்ச் சாக்பீஸை எடுத்தவளுக்கு எந்தப் பாடத்தைப் பாதியில் விட்டோம் என்பது மறந்துபோயிருந்தது.

தக்கலைக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் சமூக அறிவியல் எடுக்கத் தொடங்கி முப்பது வருஷம் ஆகப்போகிறது. இந்த வருஷத்தோடு ஓய்வு. ஊருக்குள் அவளுக்கு 'கண்டதா டீச்சர்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது பழைய மாணவன் எவனாவது பக்கத்தில் இருப்பவனிடம், "பாயசம் கண்டது, தின்னது இல்ல" என்று அவள் காதில் விழும்படி சொல்வான். அவளும் விழாத மாதிரி இருந்துகொள்வாள்.

அவளுடைய வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் புத்தகம் திறக்கக் கூடாது. ஒரு விஷயத்தை எடுத்துப் போட்டுப் பேச வேண்டும். யார் எழுந்தாலும் பேச்சைத் தொடங்கும் முன் மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்டது, கேட்டது, நெனச்சது. கண்ணால் பார்த்ததற்குத்தான் கண்டது. புத்தகத்தில் வாசித்தாலும், போனில் வந்தாலும், போதகர் சொன்னாலும், பூசாரி சொன்னாலும் கேட்டது. மற்றதெல்லாம் நெனச்சது. "நெனச்சது மோசம் கெடையாது மக்கா. நெனச்சத கண்டதுன்னு சொல்லுததுதான் மோசம்" என்பாள். முதல் மாதம் பிள்ளைகள் கேலி செய்வார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்குள் வீட்டில் அப்பனைப் பார்த்தே 'கண்டதா, கேட்டதா' என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "எங்கப்பா என்னெ அடிக்க வாறாரு டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் கேட்டேன்" என்று வந்து நின்றவர்களும் உண்டு.

இப்படிப்பட்டவள்தான் மாவிலங்கோட்டுக் குளத்துக்கு ஆயிரம் வயது ஆக்கியவள்.

எட்டு வருஷத்துக்கு முன்பு அப்போதைய ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனாள். ஆகாயத்தாமரை வாரிய இடத்தில் மடைத்தூண் தெரிந்தது. மடை என்றால் குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற வாய். அதன் இரண்டு பக்கமும் நிற்கிற கல்தூண்களில் ஒன்றில், பாசியைச் சுரண்டினால், 1075 என்று வெட்டியிருந்தது. பிள்ளைகள் கூவின. லீலாபாய்க்கும் மயிர்க்கூச்செறிந்தது. "சோழர் காலமா இருக்கும்னு நெனைக்கேன்" என்றாள். நெனைக்கேன் என்றுதான் சொன்னாள். அது அவளுக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் பத்திரிகையில் வந்தது, 'ஆயிரம் ஆண்டுப் பழமையான குளம், ஆசிரியை கண்டுபிடிப்பு'. அந்தச் சமயத்தில்தான் புறவழிச்சாலைக்காகக் குளத்தின் நடுவே அளந்து கல் நட்டிருந்தார்கள். பாதிக் குளத்தை மண்ணிட்டு மூடினால் ரோடு நேராகப் போகும். செய்தி வந்த பிறகு நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 'ஆயிரமாண்டுக் குளம்' என்று பிளெக்ஸ் வைத்தார்கள். பாதுகாப்புக் குழு அமைந்தது. லீலாபாயின் கணவர் நேசையன் அமைப்பாளர் ஆனார். குளத்தின் கீழே அவருக்குக் கொஞ்சம் வயல், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் தவறாமல் விளைகிற வயல். அதில்லாமல் அவருக்கு வேறு உலகம் கிடையாது. மனுப் போட்டார்கள். வேலை நின்றது.

பத்திரிகையில் வந்ததை லீலாபாய் வகுப்பில் வாசித்துக் காட்டினாள். அடுத்த வருஷத்துப் பிள்ளைகளிடம் "பேப்பர்லயே வந்துருக்கு" என்றாள். அதற்கடுத்த வருஷம் அந்தப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டி, "இந்தா, கண்ணால பாருங்க" என்றாள். அவள் நினைத்தது அவள் கேட்டதாகி, அவள் கேட்டது எல்லோரும் கண்டதாகிவிட்டது. எந்த இடத்தில் அது படி தாண்டியது என்று இப்போது யோசித்தாலும் அவளுக்குப் பிடி கிடைக்கவில்லை.

அதைப் பிடித்தது இந்த வருஷத்து ஒன்பதாம் வகுப்பு ஜாஸ்மி. தை மாதத்து வெள்ளிக்கிழமை. 'நம்ம ஊர்ல பழையது எது' என்று பேச்சு. ஆளாளுக்குப் புளியமரம், அம்மன்கோயில், பாலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்மி அதிகம் பேசாத பெண். எழுந்தாள்.

"கண்டது, டீச்சர். எங்க சர்ச்சுக்க வாசப்படிக் கல்லுல 1081ன்னு வெட்டியிருக்கு. கொளத்துக் கல்லுல 1075. அப்பம் கொளத்துக்கும் எங்க சர்ச்சுக்கும் ஆறு வருஷம்தான் வித்தியாசம்."

பின்பெஞ்சில் ஒருவன், "ஏட்டி, அப்பம் சோழனும் ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டு ஆராதனைக்கு வந்திருப்பானோ?" என்றான்.

"வந்து காணிக்கைப் பை நீட்டும்பம் தூங்குன மாதிரி இருந்திருப்பான், ஒங்க அப்பாவப் போல" என்றாள் அஸ்வதி. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. லீலாபாயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அது அவளுடைய சர்ச்சும்தான். பிறந்ததிலிருந்து அந்தப் படியை மிதித்து ஏறுகிறாள். இருபது வருஷத்துக்கு முன்பு அந்தச் சர்ச்சுக்கு நூற்றாண்டு விழா நடந்தது. பந்தி பரிமாறியவர்களில் அவளும் ஒருத்தி. நூறு வருஷச் சர்ச்சில் ஆயிரத்து எண்பத்தொன்று என்று ஏன் வெட்டியிருக்கிறது? அவள் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அஸ்வதி எழுந்து சுவரில் தொங்கிய காலண்டர் அருகே போனாள். "டீச்சர், இதுல சின்னதா கொல்லம் 1201ன்னு போட்டிருக்கு. இப்பம் 2026. வித்தியாசம் எண்ணூத்தி இருபத்தஞ்சு." திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "ஆயிரத்து எண்பத்தொண்ணோட எண்ணூத்தி இருபத்தஞ்சு கூட்டினா?"

யாரும் சொல்லாமலே பலகையில் கூட்டினார்கள். சர்ச்சுக்கு 1906 வந்தது. நூற்றாண்டு விழாவுக்குச் சரியாக இருந்தது. பிறகு, யாருக்கும் சிரிப்பு வராமல், குளத்துக்கும் கூட்டினார்கள். 1900.

கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் கோயில் மணியிலும் குளத்துப் படியிலும் எல்லாவற்றிலும் அதைத்தான் வெட்டினார்கள். அவளுடைய அப்பாவின் பள்ளிச் சான்றிதழில்கூட அதுதான் இருந்தது. சோழன் கல்லில் அரசனுக்கு எத்தனையாவது வருஷம் என்றுதான் இருக்கும், இப்படி இன்றைக்கு நாம் எழுதுகிற எண்ணில் மொட்டையாக இருக்காது. இதை அவளே பத்துத் தடவை பாடம் எடுத்திருக்கிறாள்.

"இது இப்பம் நெனச்சதுதான் மக்கா" என்றாள் லீலாபாய். "நான் போயி இன்னும் ஒருக்க கல்ல நல்லாப் பாக்கேன். வீட்டுல போயி கண்டதுன்னு சொல்லப்பிடாது."

நாற்பது பிள்ளைகள். அத்தனை பேரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

மறுநாள் அவள் தனியாகக் குளத்துக்குப் போனாள். மழை பெய்து குளம் நிறைந்து கிடந்தது. 1075 தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு வரி தண்ணீருக்குள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். கை எட்டும் இடம் முழுக்கச் சேறும் வேரும். பாசியை நகத்தால் வழித்துவிட்டு, விரல்நுனியால் எழுத்தெழுத்தாகத் தடவினாள். மா. பிறகு சி. ஒரு குறி, அது 'மாதம்' என்பதற்கான பழைய சுழி. அதற்கும் கீழே ம, டை. மாசி மாதம், மடை. சோழன் காலத்து எழுத்து அவள் விரலுக்கு இப்படிப் பிடிபட்டிருக்குமா?

கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. தொட்டது. அதற்கு அவளிடம் நாலாவது வார்த்தை இல்லை. தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றாள். இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. கல் மடையைப் பற்றித்தான் சொல்கிறது, குளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மடை பிறகு கட்டியதாக இருக்கலாம். குளம் அதற்கு முன்பே கிடந்திருக்கலாம், இருநூறு, முந்நூறு வருஷமாகக்கூட. கிடந்திருக்கலாம். அந்த 'லாம்' என்ற இரண்டெழுத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிவிட முடியுமா என்று மனசு ஒரு நிமிஷம் அலைந்தது. எட்டு வருஷத்துக்கு முன்பு தொடங்கியதும் இப்படி ஒரு 'லாம்'தான்.

ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்தவளை நேசையன் மேலும் கீழும் பார்த்தார். அவர் வாழைக்குலைக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"கொளத்துல எறங்குனியா?"

"எறங்குனேன்." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜாஸ்மி சொன்னது, சர்ச், காலண்டர், மாசி.

நேசையன் கயிற்றை முறுக்கி முடித்து முடிச்சுப் போட்டார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கொல்லம் ஆண்டுன்னு தெரியும். எனக்க அப்பனுக்க அப்பன் அந்த மடைக்குக் கல்லு சொமந்தவரு. அப்பன் சொல்லிக் கேட்டிருக்கேன். ஒனக்க கணக்குல அது கேட்டதுதான், கண்டதில்ல." அவர் சிரிக்கவில்லை.

"எட்டு வருஷமா ஒரு வார்த்த சொல்லல்லியே. எங்கிட்டக்கூட."

"சொல்லி? அடுத்த வாரம் ஜேசிபி வருகுன்னு இருக்கும்பம் நீ ஆயிரம் வருஷம்னு சொன்னே. ஜேசிபி நின்னுட்டு. நின்னத நான் எதுக்கு லீலா தள்ளி விடணும்?"

"அது பொய்யாக்கும்."

"கொளம் பொய்யா? அதுல கெடக்க தண்ணி பொய்யா? கீழ வெளையுத நெல்லு பொய்யா? ஒரு நம்பரு. அந்த நம்பரு இல்லேன்னா நம்மள எவன் திரும்பிப் பாத்தான்? அதுக்கு முன்னே நாலு கொளத்த மூடினானே, எவனாவது பிளெக்ஸ் வச்சானா?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இரண்டு வாரத்தில் நாகர்கோவிலில் அந்த மனுமேல் விசாரணை. ரோட்டுக்காரர்களும் வருவார்கள், குழுவும் போக வேண்டும். மனுவின் முதல் வரியே 'சோழர் காலத்து ஆயிரமாண்டுக் குளம்' என்றுதான் தொடங்குகிறது. சாட்சியாக லீலாபாயின் பெயர்.

"அங்கின அவங்க இத எடுத்துப்போட்டா? மொத்த மனுவும் பொய்யின்னு தள்ள மாட்டாவளா?"

"எடுத்துப் போடட்டும். அவன் எடுத்துப் போடுததும் எனக்க பெண்டாட்டி எடுத்துக் குடுக்கதும் ஒண்ணா?"

"நாப்பது பிள்ளேளு கூட்டிப் பாத்தாச்சு. திங்கக்கெழம நான் அதுகளுக்க மூஞ்சில எப்பிடி முழிக்க?"

"அதுக அடுத்த வருஷம் பத்தாம் கிளாஸ் போயிரும். மறந்துரும். வயல மூடினா அது எங்கின போவும்?"

சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. வயல் பக்கம் போய்விட்டார்.

வக்கீல் பொன்னுலிங்கம் போனில் கூப்பிட்டார். குழுவுக்காகக் கூலி வாங்காமல் வாதாடுகிறவர், தங்கமான மனிதர். "டீச்சர், ஊர்ல என்னமோ பேச்சு அடிபடுகு. நீங்க ஒண்ணும் வெப்ராளப்பட வேண்டாம். நீங்க ஆயிரம் வருஷம்னு சொல்லண்டாம், 'ஆயிரம் வருஷம்னு சொல்லப்படுகிறது'ன்னு வாக்குமூலத்துல போட்டுக் கையெழுத்துப் போடுங்க. யாரு சொல்லுதான்னு எவனும் கேக்கப் போறதில்ல."

"நான் கேப்பேனே சார்" என்றாள் லீலாபாய்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "டீச்சர், நூத்தி இருபத்தஞ்சு வருஷக் கொளத்துக்கு எவன் வந்து நிப்பான், சொல்லுங்க?"

அவள் அந்த இரண்டு வாரமும் தூங்கவில்லை. ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நாள். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு வினோஜிடம் போய்விடலாம் என்று ஒரு நாள். வினோஜே கூப்பிட்டான். வதந்தி தோஹா வரைக்கும் போயிருந்தது. அவனோடு தங்கியிருக்கும் திருவட்டார் பையனுக்கு யாரோ குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். "அம்மா, எனக்கு ரோட்டு கம்பெனியில வேலையாம்மே? சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு" என்று சிரித்தான். அவள் அழத் தொடங்கியதும் அவன் சிரிப்பு நின்றது. "அம்மா, நான் டிக்கெட் போடட்டா? அம்மா, என்னவாவது சொல்லும்மா." அவள் அழுது முடிக்கும்வரை அவன் லைனில் இருந்தான்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஜாஸ்மி தலை தூக்கவில்லை. அவளுடைய அப்பாவும் குழுவில் இருப்பவர். "அவ சோத்துலயே மண்ணு போட்டுட்டான்னு அவுக வீட்டுல அடிச்சாவ டீச்சர்" என்றாள் அஸ்வதி. "கண்டது. கையில தழும்பு இருக்கு."

லீலாபாய் ஜாஸ்மியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஜாஸ்மி சொன்னது சரி. நான் எட்டு வருஷமா சொன்னது தப்பு. பேப்பர்ல வந்ததும் தப்பு. இத இந்தக் கிளாஸ்ல வச்சு நான் சொல்லுதேன், நீங்க கண்டீங்க."

"அப்பம் கொளத்த மூடிருவாவளா டீச்சர்?" என்றாள் ஜாஸ்மி. அந்த இரண்டு வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"தெரியாது மக்கா."

அதற்குமேல் ஏதாவது செய்தாக வேண்டும் என்று இருந்தது. சனி ஞாயிறில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி வீடு வீடாகப் போனாள். கோடையில் உங்கள் கிணறு வற்றுமா என்று கேட்டார்கள். குளத்துக்குக் கிழக்கே இருந்த வீடுகளில் வற்றவில்லை. முன்பே மூடிய குளத்தின் பக்கத்து வீடுகளில் போய்க் கேட்டார்கள். அங்கே லாரித் தண்ணீர். சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில், "ஆயிரம் வருஷத்த எடுத்துட்டு இப்பம் கெணத்துல எட்டிப்பாக்க வந்துட்டியளா?" என்று கேட்டார்கள். தானே எட்டிப் பார்த்த கிணறு எது, வீட்டுக்காரர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து ஒரு தாளில் எழுதினாள். மடை 1900, குளத்தின் வயது தெரியாது என்றும் எழுதினாள். வாசித்துப் பார்த்தால் அவளுக்கே சப்பென்று இருந்தது. சோழன் வந்து நின்ற இடத்தில் வற்றாத கிணறுகள் மட்டும் நின்றன.

விசாரணை நாள் காலை. நேசையன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். இந்த இரண்டு வாரமாக இருவருக்கும் இடையே சாப்பாடு, தண்ணீர், மாட்டுக்குத் தீவனம் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

"வக்கீல்ட்ட சொல்லியாச்சு" என்றாள் லீலாபாய். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். அங்கின வச்சு எனக்க பேரச் சொல்லி எவனாவது கேட்டு வந்தா, உள்ளதச் சொல்லுவேன்."

"சரி" என்றார் நேசையன்.

"நான் ஒங்களுக்கு எதிரா இல்ல. இஞ்ச பாருங்க. இந்தத் தாள மட்டும் ஒருக்க வாசிச்சுப் பாருங்க. நாளைக்கே மத்தது பொய்யின்னு ஆனாலும் இது நிக்கும்."

அவர் வாசிக்கவில்லை. சீப்பை மேஜையில் வைத்தார். "நாப்பது வருஷம் ஒனக்க கூட இருந்தாச்சு. ஒனக்க பிடிவாதம் எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் தேத்தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போய்த் திரும்பியபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். மேஜையில் சீப்பு இருந்தது. தாளைக் காணவில்லை. எடுத்துக்கொண்டு போனாரா, கிழித்துப் போட்டாரா, காற்றில் கட்டிலுக்கு அடியில் போனதா? குனிந்து தேடப் போனவள் பாதியில் நிமிர்ந்துவிட்டாள். அங்கே கிடந்தால் அதைக் காண அவளுக்குத் தெம்பு இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மத்தியானம்வரை எப்படியோ போயிற்று. போனை மேஜையில் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பாடம் எடுத்தாள். அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு போன பிறகு முத்துக்கனி வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், குழு ஆளுவ நாகர்கோவில்லேருந்து திரும்பி வந்தாச்சு. ஒங்க வீட்டு சார் அங்கின எந்திச்சு என்னமோ வாசிச்சாராம். பையிலேருந்து ஒரு பேப்பர எடுத்து."

"என்ன வாசிச்சாரு?"

"தெரியல்ல. கெணறு, தண்ணின்னு என்னமோ. வாசிச்சு முடியும் முன்னே நம்ம ஆளுவளே சத்தம் போட்டாவளாம். துரோகின்னு சொன்னாவளாம். ஒருத்தன் சட்டையப் பிடிச்சானாம். சார் ஒண்ணும் சொல்லாம எறங்கிப் போயிட்டாராம். பஸ்ஸுலயும் ஆருகூடயும் வரல்லியாம்."

"பின்னே?"

முத்துக்கனி தயங்கினாள். "கொளத்தங்கரையில தனியா நடந்து போனத ஆரோ கண்டாவளாம்."

"ஆரு கண்டா முத்துக்கனி? பேரச் சொல்லு. எப்பம் கண்டா? எந்தக் கரையில?"

"தெரியாது டீச்சர்." முத்துக்கனியின் கண் நிறைந்துவிட்டது. "கேட்டது."

லீலாபாய் போனை எடுத்து அவர் எண்ணைப் போட்டாள். மணி போனது. போய் ஓய்ந்தது. மறுபடி போட்டாள். காதில் வைத்தபடியே வராந்தாவைத் தாண்டி, படி இறங்கி, கேட்டைக் கடந்தாள். தலைமையாசிரியர் கூப்பிடுவதாக யாரோ சொன்னார்கள், அவள் காதில் விழவில்லை. ஜாஸ்மியும் அஸ்வதியும் சோற்றுத் தட்டோடு குழாயடியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வாசித்தாரா? உள்ளதை, அவ்வளவு பேர் முன்னால், தானே எழுந்து? அல்லது ஆயிரம் வருஷம் என்றே சொல்லி, அங்கே பிடிபட்டு, அதற்குத்தான் சத்தம் போட்டார்களா? தாள் அவர் பையில் இருந்தது என்பதும் கேட்டதுதான். கரையில் நடந்து போனார் என்பதும் கேட்டதுதான். நினைக்கத் தொடங்கினால் என்னென்னவோ வருகிறது. நினைக்காதே, நினைக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் வயல்வரப்பில் ஏறினாள். செருப்பு சேற்றில் மாட்டியது. விட்டுவிட்டு நடந்தாள். கதிர் முற்றி நின்ற கும்பப்பூ நெல் இரண்டு பக்கமும் காலில் உரசியது.

கரை ஏறியதும் குளம் முழுக்கத் தெரிந்தது. வெயிலில் கண் கூசியது. அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை. சட்டையா, கொக்கா, யாரோ காயப்போட்ட துணியா, இங்கிருந்து சொல்ல முடியாது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். அது அசையவில்லை.

"வினோஜுக்க அப்பா!" என்று கூப்பிட்டாள். குரல் தண்ணீரைத் தாண்டவில்லை.

மறுபடி எண்ணைப் போட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மடையைத் தாண்டிக் கரையோடு நடக்கத் தொடங்கினாள். மணி போய்க்கொண்டே இருந்தது.